குடியாத்தம்: கோட்டையும் காலி நாற்காலியும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் பேரணாம்பட்டுக்காரன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் குடியாத்தம் சட்டமன்றத் தொகுதி யாருடைய கோட்டை என்று நண்பர்களுக்குள் சண்டை. காமராஜர் ஜெயித்த ஊர், காங்கிரஸ் கோட்டை என்கிறான் ஒருவன். செங்கொடியின் கோட்டை என்கிறான் இன்னொருவன். நீங்கள் குடியாத்தத்தில் பிறந்தவர். 1952 முதல் வென்றவர்களின் பட்டியலும் சாதிவாரி வாக்குக் கணக்கும் தந்தால் உதவியாக இருக்கும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியல் தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகளில் இருக்கிறது. ஒரு மணி நேர வேலை, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை நீங்களே செய்யலாம். சாதிக் கணக்கு என்னிடம் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் நாலு கணக்கு வைத்திருப்பார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ரேஷன் கார்டைத் தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு தாள் கிடைத்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் ‘கோட்டை’ என்று ஆரம்பிக்கிற கடிதத்துக்கு நான் பதில் போடுகிறவன் இல்லை. நம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த கோட்டை ஒன்றுதான். வேலூரில் அகழியோடு இருக்கிறது.

காமராஜர் கதையை உங்கள் நண்பர் சரியாகப் படிக்கட்டும். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்றத்தில் உறுப்பினரே இல்லை, மக்களவை உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் இங்கே ஏதாவது ஓர் அவைக்குள் வந்தாக வேண்டும். அவருக்கு முந்தைய முதலமைச்சர் ராஜாஜி 1952-ல் ஆளுநரின் நியமனத்தில் மேலவை வழியாக வந்தவர். அந்த வழி இவருக்கும் இருந்தது. இவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் வந்து நின்றார். எதிரே கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே. கோதண்டராமன். பெரியாரின் ஆதரவும் தி.மு.க.வின் ஆதரவும் காமராஜருக்கு. ஜெயித்தார். 1957-ல் சாத்தூருக்குப் போய்விட்டார். தோற்ற கோதண்டராமன் பின்னாளில் இதே தொகுதியின் உறுப்பினரானார். இதில் எது கோட்டை, யார் ராஜா?

என் தாத்தா அந்த இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர். கைலி நெய்கிற குழித்தறிக்காரர். அப்போது சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கம் இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். மறைப்புக்குள் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரஸுக்கு இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். “சங்கத்துல நான் அரிவாளு. மறைப்புக்குள்ள போனா கை மாட்டுப் பொட்டிக்குப் போயிடுச்சி” என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொல்வார். அடுத்த தேர்தலில் கை எங்கே போனது என்று கேட்டால் சிரிப்புதான். ஒரு மனுஷனின் கையே இப்படி. தொகுதியைக் கோட்டை என்கிறீர்கள்.

செங்கொடிக்காரருக்கும் ஒன்று சொல்லுங்கள். 2006-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் லதா ஜெயித்தது தி.மு.க. கூட்டணியில். 2011-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் லிங்கமுத்து ஜெயித்தது அ.தி.மு.க. கூட்டணியில். நடுவில் இன்னொன்றும் நடந்தது. அதை நீங்கள் கேட்காததில்தான் எனக்குக் கோபம். பேரணாம்பட்டுக்காரரே, உங்கள் ஊர் பெயரிலேயே ஒரு தனித் தொகுதி, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதி, இருந்ததே, தெரியுமா? 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது இல்லாமல் போய், பேரணாம்பட்டு குடியாத்தத்தோடு சேர்ந்தது. பொதுத் தொகுதியாக இருந்த குடியாத்தம் தனித் தொகுதியானது. 2006-ல் ஓட்டுப் போட்ட குடியாத்தமும் 2011-ல் ஓட்டுப் போட்ட குடியாத்தமும் ஒன்றல்ல, பெயர்தான் ஒன்று. சொந்த ஊரின் தொகுதி காணாமல் போனதைக் கேட்காமல் பக்கத்து ஊரில் யாருடைய கோட்டை என்று கேட்கிறீர்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. பட்டியலில் 2016-க்கு நேரே அ.தி.மு.க.வின் ஜெயந்தி பத்மநாபன் என்று இருக்கும். 2017 செப்டம்பர் 18 அன்று 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார், அதில் இவரும் ஒருவர். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இழுத்தது. இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு, மூன்றாவது நீதிபதி வந்து 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18. அன்றைக்கே நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், பணம் பிடிபட்ட விவகாரத்தில் இரண்டு நாள் முன்னால் ரத்து. குடியாத்தத்துக்காரர்கள் எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஓட்டுப் போட்டார்கள். “அப்போ இது அரை ஓட்டாடா?” என்றாள் அம்மா. மிச்ச அரை ஓட்டை ஆகஸ்ட் 5-ல் போட்டாள். பழைய மை நகத்தின் நுனியில் கீற்றாக ஒட்டிக்கொண்டிருந்தது, வயதானவர்களுக்கு நகம் சீக்கிரம் வளராது.

ஏப்ரலில் போட்ட ஓட்டை மே 23-ல்தான் எண்ணினார்கள், ஜெயித்தவர் தி.மு.க.வின் காத்தவராயன். 2020 பிப்ரவரி 28-ல் இறந்துவிட்டார். அப்புறம் கொரோனா, இடைத்தேர்தலே இல்லை. அடுத்த உறுப்பினர் 2021 மே மாதம்தான் வந்தார். விரல் விட்டு எண்ணுங்கள். முதல் தடவை 20 மாதம், இரண்டாவது தடவை 14 மாதம். 60 மாதப் பேரவைக் காலத்தில் 34 மாதம் எங்களுக்கு ஆளே இல்லை. பாதிக்கும் மேல்! எந்தப் பட்டியலிலும் இது தெரியாது. ஒரு பெயர், அதற்கடுத்து இன்னொரு பெயர், நடுவில் ஒரு கோடு. உங்கள் பட்டியலில் அந்தக் கோடு இருக்கும் இடத்தில் ‘காலி’ என்று இரண்டு தடவை எழுதுங்கள். முதலமைச்சரே தேடி வந்து கேட்ட நாற்காலி இது. அதை இத்தனை மாதம் காலியாகப் போட்டு வைத்திருந்தார்கள். உங்கள் நண்பர்கள் இதற்காகச் சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அந்தத் தாளைச் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கில் நூல் வரவில்லை, அண்ணனின் இரண்டு தறியும் நின்றுவிட்டன. தெருவில் எல்லா வீட்டிலும் அதே நிலைமை. நிவாரணம் கேட்டு மனு எழுதச் சொன்னாள் அம்மா. அனுப்புநர் எழுதினேன். பெறுநர் என்று போட்டு, ‘மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்’ வரை வந்து நிறுத்தினேன்.

“ஏன்டா நின்னுட்ட?”

“அவர் செத்துட்டாரும்மா.”

“தெரியும். இப்போ யாரு?”

“யாருமில்ல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “பேரை வுட்டுட்டு எழுது. வர்றவங்ககிட்ட குடுத்துக்கலாம்” என்றாள். எழுதினேன், தெருவில் பதினோரு வீட்டில் கையெழுத்தும் வாங்கினாள். புது உறுப்பினர் வந்தபோது அண்ணன் தறிகளை விற்றிருந்தான். மனு புடவைக்கு அடியில் போய்விட்டது.

ரேஷன் கார்டு கடைசியில் அரிசி டப்பாவில் இருந்தது.

பேரணாம்பட்டுத் தொகுதியின் பழைய பட்டியலைத் தேடி எடுத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நன்றாகப் படியுங்கள்.

அன்புடன்.