12-ஆம் நாள் எடுத்த டெஸ்ட்டை நம்பலாமா?

கேள்வி: வயது 31. வெளியூரில் ஒரு பெண்ணுடன் உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. 12-ஆம் நாள் எச்.ஐ.வி. ரேபிட் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். இன்று 20-ஆம் நாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. மனைவி 4 மாதக் கர்ப்பிணி. பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: அந்த நெகட்டிவை நம்பி இருந்துவிடாதீர்கள். பரிசோதனையில் கோளாறு இல்லை, எடுத்த நாள்தான் சரியில்லை. சாதாரண ரேபிட் கிட் கிருமியைத் தேடாது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் தேடும். அது தென்படும் அளவுக்குச் சேர 3 வாரமும் ஆகலாம், 3 மாதமும் ஆகலாம். நான்காம் தலைமுறைப் பரிசோதனை பி24 என்ற கிருமிப் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் முந்திக்கொள்ளும். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்தால் 45-ஆம் நாள் நெகட்டிவ் நம்பகமானது. 90-ஆம் நாள் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசமாக ஒருமுறை பார்த்துவிட்டால் கணக்கு முடிந்தது. விவரம் கேட்க எச்.ஐ.வி. உதவி எண் 1097.

எச்.ஐ.வி. தொற்றிய 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு வருவதுண்டு. ஃப்ளூவிலும் டெங்குவிலும் அதேதான் வரும். காய்ச்சலை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் சிகிச்சைக்குப் போகும் டாக்டரிடம் உறவு நடந்த தேதியை மறைக்காதீர்கள். கிருமியை நேரடியாகக் கண்டறியும் ஆர்.என்.ஏ. பரிசோதனையை இப்போதே செய்யலாம். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி-யும் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்ட் செய்து பார்க்கலாமே என்று ரத்த தானத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். ஆரம்ப நாள் தொற்று அங்கேயும் தப்பிவிடலாம்.

இதைவிட அவசரம் உங்கள் மனைவி விஷயம். அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருந்திருந்தாலும், ஒருமுறை உறவில் ஆணுக்குப் பரவும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நாலு அளவுதான். ஆனால் பரவியிருந்தால், முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும். கர்ப்பத்தில் மனைவிக்குப் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கும் போகக்கூடும். எனவே முடிவு தெரியும்வரை உறவு வேண்டாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஆணுறை. அந்த நாளுக்குப் பிறகு ஏற்கெனவே மனைவியுடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டிருந்தால் மையத்தின் ஆலோசகரிடம் சொல்லுங்கள், மனைவிக்கும் பரிசோதனை தேவைப்படும். கர்ப்பத் தொடக்கத்தில் அவருக்கு எடுத்த நெகட்டிவ் இதற்குப் பதிலாகாது. ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, முத்தம் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு கிட்டில் பாசிட்டிவ் வந்தாலும் அது முடிவல்ல. வெவ்வேறு மூன்று கிட்டில் பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள். உறுதியானால் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலை நீடித்தால் உறவு மூலம் பரவாது.

ஆணுறை ஏன் கிழிந்தது? தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடத்தில் பலமிழக்கும். பர்ஸில் வைத்து நசுங்கியதும், நுனியில் காற்றை அழுத்தி வெளியேற்றாமல் போட்டதும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டதும் கிழியும். வழுவழுப்பு வேண்டுமானால் தண்ணீர் சார்ந்த ஜெல் மட்டும். மறுபடி கிழிந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் தடுப்பு மாத்திரை இருக்கிறது. உங்களுக்கு இம்முறை அந்தக் கெடு தாண்டிவிட்டது.