கேள்வி – பதில்: பேனாவால் பிழைத்த வலதுசாரி

கே: அமெரிக்க வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் எஃப். பக்லி பத்திரிகை நடத்தித்தான் பணக்காரர் ஆனாரா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: அவர் பிறந்ததே பணக்கார வீட்டில். பத்திரிகையோ காசைத் தின்றது! 1951-இல், 25 வயதில், தாம் படித்த யேல் பல்கலைக்கழகம் மாணவர்களின் கிறிஸ்தவ நம்பிக்கையைக் குலைக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பரபரப்பில் பெயர் வந்தது. 1955 நவம்பரில் ‘நேஷனல் ரிவ்யூ’ தொடங்கினார். எண்ணெய்த் தொழிலில் இருந்த அப்பா ஒரு லட்சம் டாலர் தந்தார். மீதியை அலைந்து திரட்டினார். சந்தாவும் விளம்பரமும் போதாமல், வாசகர் நன்கொடையும் அவருடைய மேடைப்பேச்சுப் பணமும்தான் ஓட்டையை அடைத்தன.

ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர். ஓட்டுரிமை உள்ள பங்குகள் முழுவதையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆசிரியர் குழுவில் சண்டை வந்தால் இதழ் இரண்டாகப் பிளக்கக்கூடாது என்று இந்த யோசனையைச் சொன்னவர், இதழைத் தொடங்க அவரோடு உழைத்த வில்லி ஷ்லாம். பிறகு சண்டை வந்ததும் வெளியேற வேண்டியிருந்தது அதே ஷ்லாம்தான்.

கே: ஒருவர் எழுதும் பத்தி எப்படிப் பல நாளிதழ்களில் வருகிறது? இங்கிருந்து நான் அப்படி எழுதலாமா? (வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்)

ப: இடையில் ‘சிண்டிகேட்’ என்ற விநியோக நிறுவனம் இருக்கும். பக்லியின் பத்தி 1962 முதல் அப்படித்தான் போனது. ஒவ்வொரு நாளிதழும் தரும் தொகை சிறியது. பல இதழ்கள் சேர்ந்தால்தான் வருமானம். நிறுவனமும் எழுதியவரும் வழக்கமாகப் பாதிப் பாதி.

எழுதலாம். 700 சொல் அளவில் நிறுத்துங்கள். நீண்டால் பக்கம் கட்டுபவர் கடைசி வரிகளை வெட்டுவார், உங்கள் முடிவு அங்கேதான் இருக்கும். அன்றைய செய்தியை மட்டும் நம்பி எழுதினால் அச்சேறும் முன் பழசாகிவிடும். எந்த வாரமும் போடக்கூடிய இரண்டு கட்டுரைகளைக் கையிருப்பில் வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத எழுத்தாளரின் கட்டுரை அவருக்கே சொந்தம். அதை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் ‘உரிமை முழுவதும்’ என்று இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஒரு முறை அச்சிடும் உரிமை கொடுத்தால் போதும்.

கே: நிறவெறி பற்றி அவர் நிலை என்ன? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

ப: நமக்குக் கசக்கும் பதில். 1957 ஆகஸ்டில் அவருடைய இதழின் தலையங்கம், அமெரிக்கத் தெற்கில் வெள்ளையரின் ஆதிக்கத்தை நியாயப்படுத்தியது. 1960களின் தொடக்கத்தில் இங்கே வந்துபோய், நிறவெறி அரசுக்கு இணக்கமாகவும் எழுதினார். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் இந்தியக் குடும்பங்களைப் பெயர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்த காலம் அது. 1965 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினோடு வாதிட்டு 544-க்கு 164 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். முதுமையில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் உரிமைக்கு மத்திய அரசு தலையிட்டிருக்கத்தான் வேண்டும், தாம் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். தாமதம்தான்.

கே: தேர்தலில் நின்றாரா? (வாசகர், வெருலம்)

ப: 1965-இல், நியூயார்க் மேயர் பதவிக்கு. ஜெயித்தால் முதல் வேலை என்ன என்றதற்கு, “மறு எண்ணிக்கை கேட்பேன்” என்றார். கிடைத்தது 13 சதவீதச் சொச்சம். அந்தத் தோல்வியையும் விடாமல் மறு ஆண்டே புத்தகமாக்கினார். 1966-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய விவாத நிகழ்ச்சி 1999 வரை ஓடியது.