தாலிக்கொடியை இப்போது அடகு வைக்காதீர்கள்

சகோதரி, கணவரின் குடியை நிறுத்த ஒரு தனியார் நிலையம் மூன்று மாதத்துக்கு மூன்று இலட்சம் கேட்கிறது, தாலிக்கொடியை அடகு வைக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். என் அண்ணனுக்காக அம்மா வளையல்களை அப்படித்தான் வைத்தார். கட்டிய பணம் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். மருந்தும் வைத்தியரும் தனிக் கணக்கு. வீடு திரும்பிய பின் தொடர்ந்து கவனிக்க ஒருவரும் இல்லை.

முதலில் கொழும்புக்கு அருகே அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலை, கட்டணம் கிடையாது. 1926 அவர்களுடைய தொலைபேசி இலக்கம். கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மெல் மெதுர என்ற குடி, போதை ஆலோசனை நிலையமும் பணம் வாங்குவதில்லை.

காலையில் எழுந்ததுமே குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் சில நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நாட்கள் வைத்தியர் கண்முன்னே கழிய வேண்டும்.

பிறகும் தனியார் இடம்தான் என்றால், எதெதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இரவில் வைத்தியர் இருப்பாரா, இடையில் வெளியேறினால் மீதிப் பணம் திரும்புமா என்றும் கேளுங்கள். மாதாமாதம் மட்டுமே கட்டுங்கள்.