வைக்கோல் காளான் பாஸ்தா நீர்த்துப்போவது பற்றி

டெல்டாவில் வைக்கோல் போரடியில் பறித்த காளானையும் ஆரைக்கீரையையும் சேர்த்துச் செய்த பாஸ்தாவில் சாறு ஒட்டாமல் தட்டில் தேங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். காளானை முதலில் உப்பில்லாமல் அகலமான வாணலியில் தனியாக வதக்கி, அது விடும் நீர் முழுவதும் வற்றிய பிறகே எண்ணெய், பூண்டு, உப்பு சேர்த்தால், சாறு அப்படித் தட்டில் தேங்காது.

காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்தான். குறுவை அறுவடைக்குப் பின் டெல்டாவின் வைக்கோல் போரடியில் பறித்ததைக் கழுவிய ஈரத்தோடு, ஆரைக்கீரையையும் சேர்த்து ஒன்றாகப் போட்டதே காரணமாக இருக்கலாம்.

கரண்டியால் காளானை ஓரம் ஒதுக்கிப் பாருங்கள். நடுவில் நீர் ஊறினால் இன்னும் வதங்க வேண்டும். கீரையைக் கடைசி நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

ஒன்று மட்டும்: வைக்கோல் காளானைப் போலவே அடியில் உறையுடன் முளைக்கும் கொடிய நச்சுக் காளான்கள் உண்டு, அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது, மஞ்சளோ வெள்ளிக்காசோ அதைக் காட்டிக்கொடுக்காது என்பதால், காளானை நன்கறிந்தவர் பார்த்து உறுதி சொல்லாததைச் சமைக்காதீர்கள்.