வீட்டுத் தோட்டத்தில் வைக்கும் ஸ்மோக்கர்கள் முன்பு போல உறுதியாக இல்லையே, ஏன்?

ஸ்மோக்கர் என்பது இறைச்சியை நேரடித் தீயில் வாட்டாமல் விறகுப் புகையிலும் மிதமான சூட்டிலும், சுமார் 110 முதல் 130 டிகிரி செல்சியஸில், பல மணி நேரம் வேகவைக்கும் இரும்புப் பெட்டி. பழைய ஆஃப்செட் வகைகள் (விறகு எரியும் அறை பக்கவாட்டில் தனியாக இருப்பவை) பல 6 மி.மீ. தகட்டை வெல்டிங் செய்து கட்டியவை, நகர்த்த ஒரு ஆள் போதாது. இப்போதைய மலிவு வகைகள் பெரும்பாலும் மெல்லிய தகடுதான். அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்ப எடை குறைய வேண்டும், வாங்குபவரே போல்ட் போட்டு மாட்ட வேண்டும், அதுதான் காரணம். கனத்த இரும்புச் சட்டி அடுப்பை அணைத்த பிறகும் சுடும், மெல்லிய அலுமினியப் பாத்திரம் சட்டென்று ஆறிவிடும் இல்லையா, அதே கதை: மூடியைத் திறந்தாலோ காற்றடித்தாலோ சூடு இறங்கிவிடும், அப்புறம் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விறகு எரியும் அறையில் பெயிண்ட் உரிந்து துருவும் சீக்கிரம் பிடிக்கும். அதற்காகக் கனமாக இருந்தாலே தரம் என்று நினைக்க வேண்டாம்; மூடி பொருந்தாமல் இடுக்கில் புகை கசிந்தால், தடித்த தகட்டிலும் தீயை அடக்கி வைப்பது கஷ்டம்.