டெஸ் தரவில் எச்டி 209458 பி-யின் பள்ளம் ஏன் சுருங்குகிறது?

எச்டி 209458 பி என்ற கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது வெளிச்சம் இறங்குவதே இந்தப் பள்ளம்; டெஸ் அதைப் பதிந்த நாசாவின் விண்வெளித் தொலைநோக்கி. விண்டோ லெங்த்தை (போக்குக்கோடு போட ஒரு தடவைக்கு எடுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை) 101-இலிருந்து 1081 ஆக்குங்கள், பள்ளம் திரும்பி வரும். மூலத் தரவில் ஒன்றரை சதவீதம் தெரிகிற இறக்கம், லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பில் ஃபிளாட்டன் (மெதுவான ஒளி மாற்றத்தைப் போக்குக்கோடாக எடுத்து நீக்கும் கட்டளை) போட்டதும் பாதியாகி இரு பக்கமும் மேடு தட்டுகிறது என்கிறீர்கள். அது கோளின் குற்றமில்லை.

2 நிமிடத் தரவில் 101 புள்ளி என்றால் 202 நிமிடம், சுமார் 3.4 மணி. கோள் கடக்கவே 3 மணி ஆகிறதே! போக்குக்கோடும் பள்ளத்துக்குள் கூடவே இறங்கிவிடுகிறது. பாம்பன் பாலத்தடியில் ஓதத்தைக் கழிக்கப் போய் அலையையும் கழித்த கதை. 1081 புள்ளி ஒன்றரை நாள். ஒற்றைப்படை எண்ணாகவே கொடுங்கள்.

சரிபார்க்க, ரிட்டர்ன் டிரெண்டை ட்ரூ ஆக்கி, வருகிற போக்குக்கோட்டை மூலத் தரவின் மேல் வரையுங்கள். கோள் கடக்கும் இடத்தில் கோடு குழியக்கூடாது. பிறகு கோளின் சுற்றுக்காலமான 3.5247 நாளில் மடியுங்கள், அதாவது கடப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

அப்போதும் ஆழம் குறைந்தால், எஸ்ஏபி (திருத்தாத ஒளி அளவு) எடுத்திருக்கிறீர்களா பாருங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 ஆர்க்செகண்ட் (கோண அளவு) அகலமானது. பக்கத்து விண்மீன் வெளிச்சமும் கலந்துவிடும். பிடிசிஎஸ்ஏபி என்ற அடுத்த கட்டத் தரவில் அதற்குத் திருத்தம் உண்டு.

தரவு இடைவெளியை ஒட்டிய கடப்புகளை நம்பாதீர்கள், ஓரத்தில் போக்குக்கோடு ஆடும். மண்டபம் ஊரிலிருந்து உங்கள் தொலைநோக்கியிலும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஐப்பசி மழைக்கு முன்பே பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் நள்ளிரவு வாக்கில் அந்த விண்மீன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும்.