ஸ்னோமொபைல் பெல்ட் அடிக்கடி தேய்கிறது: கிளட்சை முழுசாக மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியைப் படித்தேன். பழைய போலாரிஸ் ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி), அதில் பி-85 என்ற மாடல் கிளட்ச், புது பெல்ட் போட்டும் சீக்கிரம் தேய்கிறது, புறப்படும்போது வண்டி உதறுகிறது, கடையில் கிளட்சையே மாற்றச் சொல்கிறார்கள். கனடாவில் புது கிளட்ச் என்ன விலை என்று நீங்களே விசாரித்திருப்பீர்கள். அந்தக் காசை எடுத்து வைக்கும் முன் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பெல்ட்டை இரு பக்கமும் பிடிக்கும் தட்டுகள் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கும் சில்லறைச் சாமான்கள்தான் போயிருக்கும்.

முதலில் பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பாதி விவரம் அதிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் குழி விழுந்து அகலம் குறைந்திருந்தால், ட்ராக் (வண்டிக்கு அடியில் சுற்றும் ரப்பர் பட்டை) பனியில் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கிளட்ச் மேல் குற்றமில்லை. பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பெல்ட் மாட்டியிருக்கும் இரண்டு கிளட்சும் (எஞ்சின் பக்கம் பிரைமரி, ட்ராக்கை ஓட்டும் பக்கம் செகண்டரி) நேர்கோட்டில் இல்லை. அப்போது எஞ்சின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள், அது தளர்ந்திருந்தால் எத்தனை பெல்ட் போட்டாலும் தின்றுவிடும்.

அப்புறம் பிரைமரி. எஞ்சின் வேகம் ஏறும்போது வெயிட்டுகள் வெளியே விரிந்து ரோலரை உந்தும், தட்டு நகர்ந்து பெல்ட்டைப் பிடிக்கும். அந்தத் தட்டைப் பெல்ட்டிலிருந்து விலக்கி வைத்திருப்பது நடுவில் உள்ள ஸ்பிரிங். கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். ஸ்பிரிங் சோர்ந்துபோனால் ஆர்.பி.எம். ஏறும் முன்பே பெல்ட் பிடித்துவிடும், ஐடிலிலேயே வண்டி மெல்ல நகரப் பார்க்கும்.

மூடியைக் கழற்றும்போது கவனம், அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், கடைசியில் ஒரு கையால் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடி, தட்டு, ஸ்பைடர் (ரோலர்கள் பொருத்திய மூன்று கை உள்ள பாகம்) மூன்றிலும் எக்ஸ் குறி இருக்கும். திரும்ப மாட்டும்போது மூன்றும் ஒரே வரிசையில் வராவிட்டால் பேலன்ஸ் போய் கிளட்ச் அதிரும்.

இப்போது நிதானமாகப் பாருங்கள். மூடிக்குள் இருக்கும் புஷ்ஷிங்கின் (தண்டின் மேல் வழுக்கி நகரும் வளையம்) கறுப்புப் பூச்சு போய் வெண்கல நிறம் தெரிந்தால் அது முடிந்தது. வெயிட்டின் வளைந்த முதுகில் நகத்தை ஓட்டுங்கள், ரோலர் உருண்ட இடத்தில் நகம் சிக்கினால் மாற்ற வேண்டியதுதான். ரோலரைச் சுண்டிவிட்டால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஒரு பக்கம் தட்டையாகிவிட்ட ரோலர்தான் பல நேரம் அந்த உதறலுக்குக் காரணம். தட்டை லேசாகத் திருகிப் பார்த்தால் ஸ்பைடருக்கும் அதற்கும் நடுவே ஆட்டம் தெரியக்கூடாது. தெரிந்தால் இரண்டுக்கும் நடுவே உராயும் சிறு பட்டன்கள் தேய்ந்திருக்கின்றன. வெயிட்டோ ரோலரோ, மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதுசாக இருந்தால் மூன்று பக்கமும் சமமாகத் தள்ளாது.

ஸ்பிரிங், வெயிட் எல்லாம் வீட்டு கராஜிலேயே மாற்றிவிடலாம். ரோலர், பட்டன் மாற்ற ஸ்பைடரையே கழற்ற வேண்டும், அதற்குத் தனி டூலும் கிளட்சை இறுக்கிப் பிடிக்க ஒரு ஜிக்கும் வேண்டும், மிகவும் இறுக்கமாக முடுக்கியிருப்பார்கள். அவை இல்லையென்றால் கிளட்சை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள், கூலி குறையும். கழற்ற உங்கள் மாடலுக்கான புல்லர்தான், சுத்தியல் வேண்டாம். கிராங்க் முனை வளைந்தால் பெரிய செலவு. ஸ்பைடருக்கு அடியில் மெல்லிய வாஷர்கள் இருக்கும், எத்தனை இருந்ததோ அத்தனையும் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

செகண்டரியைப் பலர் கண்டுகொள்வதில்லை. அதில் ஹீலிக்ஸ் (சரிவாக வெட்டிய பாகம்) மேல் உராயும் பிளாஸ்டிக் பட்டன்கள் தேய்ந்து அலுமினியத்தில் அலுமினியம் உரசினால், ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது வண்டி சுணங்கும். மேடு ஏறும்போது இது நன்றாகவே தெரியும்.

தட்டுகளை ஸ்காட்ச்-பிரைட்டால் தேய்த்து பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். புஷ்ஷிங்குக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டவே வேண்டாம், பெல்ட் தூள் ஒட்டிப் பசையாகிவிடும். எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது கிளட்ச் கார்டை மாட்டியே வைத்திருங்கள், அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் விரல் தப்பாது. பிரைமரியின் நடு போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்க அளவில்) முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.